ஊரைச் சொல்லும் உடுப்பு

பிரிட்டிஷ் மியூசியத்தில் யாஷ்சிலான் நகரத்து வாசல் மேற்கல் ஒன்று இருக்கு. கி.பி. 709இல் நடந்த சடங்கு அதில் செதுக்கப்பட்டிருக்கு: அரசி கபல் ஷோக் முட்கயிற்றைத் தன் நாக்கினூடாக இழுக்கிறார். பார்க்கிறவர்கள் அந்த நாக்கோடு நின்றுவிடுவார்கள். நாங்கள் பார்க்கச் சொல்வது அவருடைய மேலாடையை. வைரக் கட்டங்கள், ஓரத்துக் குஞ்சங்கள் எல்லாம் கல்லிலும் தெளிவு.

அந்த மேலாடைதான் வீப்பில். குவாத்தமாலாவிலும் மெக்சிகோவின் சியாபாஸிலும் மாயா பெண்கள் இன்றைக்கும் அதை இடுப்புத் தறியில் நெய்கிறார்கள். தறியின் ஒரு முனை மரத்தில், மறுமுனை பட்டியால் நெய்கிறவரின் இடுப்பில். பின்னுக்குச் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னுக்கு வந்தால் தளரும். உடம்பே தறியின் பாதி. கை எட்டுகிற அகலத்துக்குத்தான் துணி வரும் என்பதால், இரண்டு மூன்று துண்டுகளை நெய்து பொருத்த வேணும். அந்தப் பொருத்துக்கு மேல் நிற நூலால் போடுகிற தடித்த தையல்தான் ராந்தா. மூட்டை மறைக்கிற வேலை, ஆனால் எங்கட கண்ணுக்கு உடுப்பிலேயே வடிவான இடம் அதுதான்.

சுற்றுலாக்காரருக்கு இதை 'மாறாத மரபு' என்று விற்கிறார்கள். சும்மா கதை. ஆட்டுக் கம்பளியும் மிதிதறியும் ஸ்பானியரோடு வந்தவை, அக்ரிலிக் நூல் நேற்று வந்தது. எல்லாத்தையும் எடுத்துப் பாவித்ததால்தான் நெசவு தப்பியது.

ஊருக்கு ஊர் வடிவம் வேறு. வீப்பிலைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லலாம். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அதுவே ஆபத்தானது. இராணுவம் முழு ஊர்களையே எதிரியாகக் கணக்கெடுத்தது. 1999இல் வந்த உண்மை ஆணைக்குழு அறிக்கைப்படி, கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் 200,000க்கு மேல். அடையாளம் காணப்பட்ட பாதிக்கப்பட்டோரில் 83 வீதம் மாயா மக்கள். ஓடித் தப்பிய பெண்கள் பலர் வீப்பிலைக் கழற்றிவிட்டு வேற உடுப்புப் போட்டார்கள். ஏன் என்று எங்கட வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1992இல் கிச்சே மாயா பெண்ணான ரிகோபெர்த்தா மெஞ்சு சமாதான நோபல் பரிசை வாங்க மாயா உடுப்போடே போனதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேணும்.

இப்ப சண்டை வேற மாதிரி. பழைய வீப்பில்களை வெட்டிக் கைப்பை தைக்கிறார்கள். வடிவத்தை மெஷினில் அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். தனி ஆளின் பேரில் பதிகிற காப்புரிமைச் சட்டத்துக்குள் ஒரு ஊரே சேர்ந்து ஆக்கிய வடிவத்துக்கு இடமில்லை. சக்கத்தெபெக்கெஸ் பகுதிப் பெண்களின் அஃபெதெஸ் அமைப்பு 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. சமூகத்தையே ஆக்கியோராக ஏற்க வேணும் என்பது அவர்களின் கோரிக்கை. 2017இல் நீதிமன்றம், இதுக்கொரு சட்டம் செய்யுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டது.