புகைச்சட்டியும் புல்தரையும்

1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தாவரவியல் பூங்கா அமைத்த ஊர் புதுச்சேரி. தோட்டமும் புல்தரையும் பெருகிய ஊரில் பெருச்சாளிக்கும் குறைவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் புல்லையும் அதுதான் இரவோடு இரவாகக் கிளறிப்போடுகிறது.

இப்பகுதியில் எலிவளையின் போக்கை இருளர் என்னும் பழங்குடி மக்களைப்போல் அறிந்தவர்கள் யாருமில்லை. வயலில் மற்ற வாசல்களை மண்ணால் அடைத்துவிட்டு, ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி, வளைக்குள் புகையை ஊதுவார்கள். பிறகு தோண்டி எலியைக் கையால் பிடிப்பார்கள். அது சேர்த்த நெல்லும் அவர்களுக்குத்தான். விஷம் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. இத்தகைய அறிவுள்ளவர்களைப் புதுச்சேரியில் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்க 2016 வரை ஆயிற்று. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

புகை மூச்சை அடைக்கும். வீட்டில் நான் புகை போடுவதில்லை. விஷமும் வைப்பதில்லை, விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் சாகக்கூடும். அந்தியில் கருவாடு கட்டிய இரும்புக்கூண்டை வளையருகே வைப்பேன். வெயிலேறுமுன் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிய பெருச்சாளி உள்ளேயே துவண்டுவிடும். சாக்கடை இடுக்கைச் சிமெண்டால் அடைத்துக் குப்பைவாளிக்கு மூடி போட்டபின் புது வளைகள் குறைந்தன.