குதிரைக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர்

கார்த்திகை தீபத்தை ஒட்டி நம் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடும். வாங்க வருகிறவர் முதலில் சுழி பார்ப்பார். பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் "ஆட்டம் தெரியுமா?" என்ற கேள்வி வரும். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் குதிரை என்றால் விலையே வேறு. அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த மறதி புதிதல்ல. நமக்குக் கிழக்கே உள்ள செஞ்சியில் 1714இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜன் கதையில் பாராசாரி, நீலவேணி என்று குதிரைகளுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. லாயத்தில் அவற்றைப் பழக்கியவனுக்கு இல்லை. பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியது இன்னும் கசப்பானது. கடல் வழியாக ஆண்டுதோறும் பெரும் விலைக்குக் குதிரைகள் வந்து இறங்கின. பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்தன. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் தாங்களும் அழைத்து வரவில்லை, வேறு யாரும் அழைத்து வரவும் விடவில்லை என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

புராணம் மட்டும் இந்த விஷயத்தில் தாராளமாக இருந்திருக்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமானே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மன்னன் முன் நடத்திக் காட்டினார் என்கிறது திருவிளையாடல். அந்த மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் இது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் உண்டு. இருந்தும், குதிரையைப் பழக்கி ஊர் முன் ஆட்டிக் காட்டிய மனிதர்களில் வாழ்க்கை விவரத்தோடு நமக்குக் கிடைக்கும் ஒருவரைத் தேடினால், மராட்டியச் சீமைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அவர் பெயர் விஷ்ணுபந்த் மோரேஷ்வர் சத்ரே. இன்றைய கோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள குருந்த்வாட், அந்தக் காலத்தில் பட்டவர்த்தன் குடும்பத்தின் சிறிய சமஸ்தானம். அதன் லாயம் சத்ரேயின் பொறுப்பில் இருந்தது. இளமையில் குவாலியருக்குப் போனவர், அங்கே குதிரையேற்றத்தோடு ஹத்து கானிடம் இந்துஸ்தானி சங்கீதமும் கற்றுக்கொண்டார். குதிரைக்காரருக்குப் பாட்டு எதற்கு என்று யாராவது கேட்டிருக்கக்கூடும். பதில் பின்னால் வருகிறது.

1879இல் இத்தாலியரான சியாரினியின் சர்க்கஸ் பம்பாயில் முகாமிட்டது. இந்தியர்களால் இப்படியொரு சர்க்கஸ் நடத்த முடியாது என்று சியாரினி சவால் விட்டதாகவும், ராஜாவோடு பார்க்கப் போயிருந்த சத்ரே அதை ஏற்றுக்கொண்டதாகவும் ஒரு கதை. பந்தயத் தொகை, கெடு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. சர்க்கஸ்காரர்கள் சொல்லும் கதையில் கொஞ்சம் கூடாரத் துணி சேர்ந்துதான் இருக்கும். தேதியில் மட்டும் குழப்பமில்லை. 1880 மார்ச் 20ஆம் தேதி சத்ரேயின் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' பம்பாயில் முதல் காட்சி நடத்தியது. குதிரை வித்தைகள் அவர் பொறுப்பு. அந்தரத்தில் ஊஞ்சலாடியவர் அவருடைய மனைவி. 1880இல் ஒரு மராட்டியக் குடும்பத்துப் பெண் பொதுமேடையில் ஊஞ்சலில் தொங்கினார் என்பதற்கே தனிக் கட்டுரை எழுதலாம்.

லாயக்காரர் ஒருவர் சர்க்கஸ் முதலாளி ஆனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சர்க்கஸே குதிரையிலிருந்து பிறந்ததுதான். 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர், குதிரையை வட்டமாக ஓடவிட்டால் அதன் முதுகில் நின்றுகொண்டே போகலாம் என்று காட்டினார். ஓட்ட வேகமும் உள்பக்கச் சாய்வும் ஆளைக் கீழே விழாமல் நிறுத்திவிடும். அந்த வட்டத்தின் குறுக்களவு 42 அடி என்று பிறகு நிலைத்தது. உலகெங்கும் இன்றுவரை அதுவே வழக்கமான அளவு. வட்டம் மாறாததால், ஊர் மாறினாலும் குதிரைக்கு மறுபடி பாடம் வேண்டியதில்லை. வட்டத்தின் நடுவே பழக்குநர் வைத்திருக்கும் நீளச் சவுக்கு அடிப்பதற்கல்ல. அதன் நுனி பின்னால் போனால் ஓடு, முன்னால் வந்தால் நில்.

இனி பாட்டு. பேண்டு இசைக்குக் குதிரை ஆடுகிறது என்றுதான் பார்க்கிற நாம் நினைக்கிறோம். சர்க்கஸில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். குதிரையின் காலைப் பார்த்துத்தான் பேண்டுக்காரர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். கால் எந்தக் கணத்தில் தரையைத் தொடும் என்று பழக்குகிறவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஹத்து கானிடம் தாளத்தோடு மல்லுக்கட்டிய ஒருவருக்கு இது கைவந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

குருபக்தியையும் சத்ரே சர்க்கஸோடு சேர்த்தே சுமந்தார். ஹத்து கானின் மகன் ரஹிமத் கான் பெரும் பாடகர். ஆனால் மனம் நிலைகொள்ளாமல் காசியில் கேட்பாரற்றுத் திரிந்தார். சத்ரே அவரைக் கண்டுபிடித்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். சர்க்கஸ் போன ஊர்களில் ரஹிமத் கானின் கச்சேரியும் நடந்தது. சத்ரே காலத்துக்குப் பிறகும் குடும்பம் அவரைக் கைவிடவில்லை. 1922இல் குருந்த்வாடில்தான் அவர் இறந்தார். அவர் பாட்டில் தோய்ந்தவர் பாடகர் அப்துல் கரீம் கான். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், நம் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் உயிர்விட்டவர் அவர்தான்.

சத்ரேயின் கூடாரம் தெற்கே வந்தபோது, தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். பேசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், களரி அறிந்தவர். கீலேரி பிள்ளைகளைப் பழக்கித் தர, சத்ரே மேடை தர ஏற்பாடானது. 1901இல் கீலேரி தலச்சேரியில் தனிச் சர்க்கஸ் பள்ளியே தொடங்கினார். தென்னிந்தியாவில் கூடாரம் அடித்த பல சர்க்கஸ்கள் அந்த மண்ணிலிருந்து வந்தவை. 'இந்திய சர்க்கஸின் தந்தை' என்ற பட்டம் கீலேரிக்குப் போனது. சத்ரேக்கு 'முதல் இந்திய சர்க்கஸ் முதலாளி' என்ற இடம் கிடைத்தது. நியாயமாக அவரைக் குதிரை ஆசான் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். முதலாளித்தனம் அவருக்கு அந்த வித்தையால் வந்தது.

1998இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் குதிரை இல்லை. ஆனாலும் கூடாரங்கள் குறைந்துபோக, குதிரைகளும் அவற்றைப் பழக்கிய கைகளும் மெல்ல மறைந்தன. அந்தக் கூடாரங்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் வேலை பார்த்தார்கள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ சர்க்கஸிலோ ஜமீன் லாயத்திலோ குதிரை பழக்கியிருந்தால், பழைய சர்க்கஸ் நோட்டீஸோ போட்டோவோ பரணில் கிடந்தால், இந்தத் தொடருக்கு எழுதி அனுப்புங்கள். பெயர், ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற மூன்று விவரம் இருந்தால் போதும்.