மார்க்கோ வான் பாஸ்டன்

மார்க்கோ வான் பாஸ்டன் (பிறப்பு: 31 அக்டோபர் 1964, உட்ரெக்ட்) நெதர்லாந்தின் முன்னாள் கால்பந்து வீரர், பயிற்சியாளர். அயாக்ஸ், ஏ.சி. மிலான் ஆகிய இரண்டே கழகங்களுக்காக முன்கள வீரராக ஆடியவர். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதை 1988, 1989, 1992 என மூன்று முறை வென்றார். கடைசிப் போட்டியை ஆடியபோது அவருக்கு வயது 28. அதற்குக் காரணமான கணுக்கால் காயம், அந்த மூன்று விருதுகளில் முதலாவது கிடைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அவரைப் பற்றிய புகழுரைகள் பெரும்பாலும் இந்தக் கால வரிசையைக் கவனிப்பதில்லை.

உட்ரெக்டின் சிறிய கழகங்களில் ஆடிவந்த வான் பாஸ்டனை 1981இல் அயாக்ஸ் சேர்த்துக்கொண்டது. 1982 ஏப்ரல் 3 அன்று என்.இ.சி. அணிக்கு எதிராக அவர் முதன்முறை களமிறங்கினார். வெளியேறி அவருக்கு இடம்விட்டவர் அயாக்ஸின் நட்சத்திர வீரர் யோஹன் கிரைஃப். அந்த ஆட்டத்திலேயே ஒரு கோலும் அடித்தார். அப்போது அயாக்ஸின் முதன்மை ஸ்ட்ரைக்கர் விம் கீஃப்ட். அவர் 1983இல் இத்தாலிக்குப் போனதும் அந்த இடம் வான் பாஸ்டனுக்கு வந்தது. அடுத்த நான்கு பருவங்களிலும் நெதர்லாந்து லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவரே: 28, 22, 37, 31. இவற்றில் 37 கோல்கள் 26 ஆட்டங்களில் வந்தவை; 1986இல் ஐரோப்பிய தங்கக் காலணியையும் பெற்றுத் தந்தவை. அயாக்ஸுக்காக லீக்கில் மொத்தம் 133 ஆட்டங்கள், 128 கோல்கள்.

அவரைப் போல 1.88 மீட்டர் உயரமுள்ளவர்கள் தலையால் முட்டுவதற்கென்றே அணியில் வைக்கப்பட்ட காலம் அது. வான் பாஸ்டன் தலையாலும் இரு கால்களாலும் கோல் அடித்தார். நெருக்கடியில் பந்தை அடக்கிக்கொண்டு சக வீரருக்குத் தருவதிலும் தேர்ந்தவராக இருந்தார். 1986 நவம்பரில் டென் பாஸ் அணிக்கு எதிராக, வலைக்கு முதுகைக் காட்டியபடி அந்தரத்தில் சாய்ந்து அவர் உதைத்த கோல் இன்றும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. ‘உட்ரெக்டின் அன்னம்’ என்ற பட்டப்பெயர் அவருடைய அசைவுகளால் வந்தது.

அந்தக் கோலுக்கு அடுத்த மாதமே காயம் வந்தது. குரோனிங்கன் அணியுடனான ஆட்டத்தில் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கச் சறுக்கியபோது வான் பாஸ்டனின் கணுக்கால் சிதைந்தது. அப்போது அயாக்ஸின் பயிற்சியாளர் கிரைஃப். ஆடினால் காயம் மேலும் மோசமாகாது என்று மருத்துவத் தரப்பு சொன்னதை நம்பி, பயிற்சிகளையும் சில லீக் ஆட்டங்களையும் விட்டுக்கொடுத்து, ஐரோப்பிய ஆட்டங்களில் மட்டும் அவரைக் கட்டாயம் இறக்குவது என்று இருவரும் உடன்பட்டார்கள். 1987 மே மாதம் ஏதென்ஸில் நடந்த கோப்பை வென்றோர் கோப்பை இறுதியாட்டத்தில் லோகோமோட்டிவ் லைப்சிக் அணியை அயாக்ஸ் 1–0 என வென்றது. தலையால் முட்டிய அந்த ஒரே கோல் வான் பாஸ்டனுடையது. கோப்பை கிடைத்தது. கணுக்காலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வு கிடைக்கவில்லை.

அதே கோடையில் சக நெதர்லாந்து வீரர் ரூட் குல்லிட்டும் அவரும் மிலானில் சேர்ந்தார்கள். முதல் பருவத்தின் பெரும்பகுதி அறுவை சிகிச்சையிலும் ஓய்விலும் கழிந்தது. லீக்கில் 11 ஆட்டங்களே ஆட முடிந்தது. எனவே நாடுகளுக்கிடையிலான 1988 ஐரோப்பியக் கோப்பைக்கு அவர் நெதர்லாந்தின் மாற்று வீரராகத்தான் போனார். சட்டை எண் 12. சோவியத் ஒன்றியத்திடம் 0–1 எனத் தோற்ற முதல் ஆட்டத்தைப் பெஞ்சில் அமர்ந்தபடியே தொடங்கினார். பயிற்சியாளர் ரினுஸ் மிகெல்ஸ் அடுத்த ஆட்டத்தில் அவரை முதலிலேயே இறக்க, இங்கிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஹாம்பர்க் அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 88ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோலையும் அடித்தார். 1974 உலகக் கோப்பை இறுதியில் அதே ஜெர்மனியிடம் தோற்ற வடு நெதர்லாந்தில் ஆறாதிருந்ததால், பலருக்கு இந்த வெற்றி கோப்பையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஜூன் 25, மியூனிக் ஒலிம்பிக் அரங்கில் மீண்டும் சோவியத் ஒன்றியம். 54ஆவது நிமிடத்தில் 37 வயது ஆர்னால்ட் மியூரன் இடப்பக்கத்திலிருந்து உயரமாகத் தூக்கி அடித்த பந்து, பெனால்ட்டி பகுதியின் வலக்கோடிக்குப் போய் இறங்கியது. அந்தக் கோணத்திலிருந்து கோல் கம்பங்கள் ஏறத்தாழ ஒன்றாகத்தான் தெரியும். பந்தை அடக்கி உள்ளே தருவதே யாரும் செய்யக்கூடியது. வான் பாஸ்டன் பந்தைத் தரையில் விழவிடாமல் உதைத்தார். அன்றைய தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான ரினாத் தசாயெவின் தலைக்கு மேலாகப் பந்து வலைக்குள் புகுந்தது. மிகெல்ஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆட்டம் 2–0 என முடிந்தது. நெதர்லாந்து ஆடவர் அணி வென்ற ஒரே பெரிய கோப்பை இன்றளவும் அதுதான்.

மிலானில் அரிகோ சாக்கியின் கீழும் ஃபாபியோ கப்பெல்லோவின் கீழும் மூன்று லீக் பட்டங்களும், கழகங்களுக்கான 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளும் வந்தன. 1989 இறுதியில் ஸ்டெயாவா புக்கரெஸ்ட்டை 4–0 என மிலான் நொறுக்கியபோது இரண்டு கோல்கள் இவருடையவை. தடுப்பாட்டத்துக்குப் பேர்போன இத்தாலிய லீக்கில் 1991–92 பருவத்தில் 25 கோல் அடித்து முதலிடம் பெற்றார். 1992 நவம்பரில் கோத்தன்பர்க் அணிக்கு எதிராக நான்கு கோல். சாம்பியன்ஸ் லீக்கில் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்த முதல் வீரர் அவர். தேசிய அணியில் பின்னாள்கள் இப்படி அமையவில்லை. 1990 உலகக் கோப்பையில் ஒரு கோலும் இல்லை. 1992 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் அவர் உதைத்த பெனால்ட்டியை டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேல் தடுத்தார்.

1992 டிசம்பரில் மீண்டும் கணுக்கால் அறுவை சிகிச்சை. 1993 மே 26 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மார்செயிடம் மிலான் 0–1 எனத் தோற்றது. அரங்கம் அதே மியூனிக் ஒலிம்பிக் அரங்கம். அதன்பின் அவர் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பார்த்தும் பயனில்லாமல் 1995 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். மிலானின் சான் சிரோ அரங்கை அவர் சுற்றிவந்து கையசைத்தபோது கப்பெல்லோ அழுதார்.

பயிற்சியாளராக வான் பாஸ்டன் அந்த உயரத்தை எட்டவில்லை. 2004 முதல் 2008 வரை நெதர்லாந்தை வழிநடத்தினார். 2006 உலகக் கோப்பையில் போர்ச்சுகலிடம் தோற்ற ஆட்டத்தில், அணியின் முதன்மை ஸ்ட்ரைக்கரான ரூட் வான் நிஸ்டல்ரோயைக் கடைசிவரை பெஞ்சிலேயே வைத்திருந்தார். தானும் ஒரு ஸ்ட்ரைக்கராக இருந்தவர் எடுத்த இந்த முடிவு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 2008 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியை 3–0, பிரான்சை 4–1 என வீழ்த்திய அவரது அணி காலிறுதியில் ரஷ்யாவிடம் வீழ்ந்தது. பிறகு அயாக்ஸ், ஹேரன்வேன், ஏ.இசட். என மாறினார், ஏ.இசட்.டில் உடல்நலம் காரணமாகத் தலைமைப் பொறுப்பிலிருந்து தானே இறங்கினார்.

2016 முதல் 2018 வரை ஃபிஃபாவின் தொழில்நுட்ப வளர்ச்சிப் பிரிவில் பணியாற்றினார். அந்தக் காலத்தில், ஆஃப்சைடு விதியையே எடுத்துவிடலாம் என்று அவர் முன்வைத்த யோசனை பலத்த விவாதத்தைக் கிளப்பியது, ஏற்கப்படவில்லை.