தோல், விழுக்காடு, வயது: பூந்தமல்லி நெடுஞ்சாலைக் குறிப்புகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களுக்கு எழுதப்பட்டிருக்கும் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே இருக்கிறது. 1949இல் டி.ஐ. சைக்கிள், 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரசின் சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானம், 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை, அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத்தும் பிரஸ்ஸும் ஃபவுண்டரியும் இரைந்துகொண்டேயிருக்கும் இந்தப் பிரதிக்குள் சமையலறை வருவதேயில்லை. அந்தச் சமையலறைகளிலிருந்து கிளம்பிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏறிக் கீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்த உடல்களைப் பற்றித்தான் நான் இங்கே பேச நினைக்கிறேன். கீழ்ப்பாக்கம் என்றால் தமிழ் சினிமாவுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. எங்க ஏரியாவுல “கீப்பாக்கத்துக்குக் கொண்டு போயிட்டாங்க”ன்னா அது தீக்காய வார்டு. குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அடுத்த கேள்வி உடனே வரும்: “எத்தினி பர்சென்ட்டு?”

இந்த ‘பர்சென்ட்டு’க்கு ஒரு வரலாறு உண்டு. உடலை நூறாகப் பங்கிடும் ‘ஒன்பதின் விதி’யை எடின்பரோவைச் சேர்ந்த வாலஸ் 1951இல் வெளியிட்டார். தலைக்கு 9, ஒவ்வொரு கைக்கும் 9, முன்னுடம்பு 18, பின்னுடம்பு 18, ஒவ்வொரு காலும் 18. மிஞ்சும் 1 பிறப்புறுப்புக்கு. பத்தாண்டு கழித்து, 1961இல், போ என்ற பிரெஞ்சு மருத்துவர் இன்னும் சுருக்கமான ஒரு கணக்கைத் தந்தார். (தமிழில் அந்தப் பெயர் ஓர் ஏவல்போல ஒலிப்பது தற்செயல்தான்.) வயதோடு எரிந்த விழுக்காட்டைக் கூட்டு, தொகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நெருக்கத்தில் சாவு. அன்றைக்கு நூறைத் தொட்டால் பிழைப்பது அரிது. இன்று வசதியுள்ள மையங்களில் அந்த எல்லை நூறைத் தாண்டி நகர்ந்துவிட்டது. முதுமையும் தீயும் உடலை ஒரே மாதிரி தின்கின்றன, ஒரு வயது ஒரு விழுக்காட்டுக்குச் சமம் என்பது எவ்வளவு விசித்திரமான சமன்பாடு! ஆனாலும் அது வேலை செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவப் பார்வை உடலை வரைபடமாக்குகிறது என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்குச் சுலபம். வரைபடம் இல்லாமல் இந்த வார்டில் ஒரு பாட்டில் சலைன்கூட ஏற்ற முடியாது.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. யாருடைய உடலைப் பார்த்து இந்த அறிவு உண்டானது? 1942 நவம்பரில் பாஸ்டனில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் செத்தார்கள். தப்பியவர்களுக்குச் செய்த சிகிச்சையிலிருந்துதான் தீக்காய மருத்துவத்தின் பல பாடங்கள் பிறந்தன. இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில், விமானத்தோடு எரிந்த வீரர்களுக்கு மெக்கிண்டோ முகம் தைத்தார். 1941இல் அவர்கள் தங்களுக்குள் ஒரு ‘கினிப்பன்றிச் சங்கம்’ வைத்துக்கொண்டார்கள். கடைசியில் 649 பேர் சேர்ந்தார்கள். மெக்கிண்டோ ஊர்க்காரர்களிடமே போய்ப் பேசினார்: இவர்களைக் கண்டால் முறைக்காதீர்கள், முகத்தைத் திருப்பாதீர்கள், வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஊர் கேட்டுக்கொண்டது. யுத்த நாயகர்கள் என்பதால் கேட்டது என்றும் சொல்லலாம். பிற்பாடு யூகோஸ்லாவியாவின் மரிபோரில், பெரிய வசதியில்லாத மருத்துவமனையில், ஸோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் வெந்த தோலை முதல் சில நாட்களுக்குள்ளேயே சீவி எடுத்து ஒட்டுத்தோல் வைக்கும் முறையை நிலைநாட்டினார். 1970இல் வந்தது அந்தக் கட்டுரை. அதுவரை தோல் அழுகித் தானாக உதிரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் கிருமி முந்திக்கொண்டது.

நம் வார்டுக்கு வருவோம். பிராச்சி சங்கவி, கவி பல்லா, வீணா தாஸ் மூவரும் 2009இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, 2001இல் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000க்கு மேல் என்று மதிப்பிட்டது. காவல்துறைக் கணக்கைப் போல ஆறு மடங்கு. அதில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள். பெரும்பாலோர் 15லிருந்து 34 வயதுக்குள். போவின் கணக்கில் இவர்கள் பிழைக்க வேண்டியவர்கள். இருபத்திரண்டு வயது, அறுபது விழுக்காடு, கூட்டினால் 82. ஆனால் இந்திய அரசு வார்டுகளிலிருந்து வந்த கட்டுரைகள் பலவற்றில் நாற்பது, ஐம்பது விழுக்காட்டிலேயே உயிர் ஊசலாடுகிறது. இளமை அவர்களுக்குக் கொடுத்த சலுகையை வேறு எதுவோ பிடுங்கிக்கொள்கிறது.

அந்த ‘வேறு எதுவோ’வில் பாதி தூரம். எரிந்த உடலிலிருந்து நீர் ரத்தக்குழாயைவிட்டுக் கசிந்துகொண்டே இருக்கும். எடை, விழுக்காடு, நான்கு மில்லி: மூன்றையும் பெருக்கு என்கிறது பார்க்லேண்ட் சூத்திரம். ஐம்பது கிலோ பெண், ஐம்பது விழுக்காடு என்றால் முதல் நாளில் பத்து லிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். கடிகாரம் ஓடத் தொடங்குவது ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, அடுப்படியில். ஆவடியிலிருந்து கீழ்ப்பாக்கம் இருபது கிலோமீட்டர் சுமார். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில்தான். அதுக்கு முன்னாடி ஆட்டோதான். உடம்பெல்லாம் இங்க்கையோ மாவையோ பூசி, கம்பளி சுத்தி, முதலில் பக்கத்து கிளினிக், அவர் தொட மாட்டார், “இது போலீஸ் கேஸு”, பிறகு உள்ளூர் அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஒரு சீட்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது, நல்ல திட்டம். ஆனால் சாலை விபத்துக்கு மட்டும். அரசின் சொல்லாடலில் அவசரக் காயம் என்பது ரோட்டில்தான் நடக்கிறது.

மறு பாதி பேச்சு. “ஸ்டவ் வெடிச்சிருச்சு.” இந்த வாக்கியத்தைக் கேட்காத தீக்காய வார்டு இந்தியாவில் இருக்காது. ஸ்டவ் நிஜமாகவே வெடித்ததும் உண்டு: மட்டமான பர்னர், பின் அடைத்துக்கொண்ட பம்ப் ஸ்டவ், கலப்படக் கிருஷ்ணாயில், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் நைலக்ஸ் புடவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஸ்டவ் வெடிப்புக்கென்று விபத்துச் சாவுகளில் ஒரு கட்டமே வைத்திருந்தது. ஆனால் சாகப்போகும் ஒருத்தி மாஜிஸ்திரேட் முன் அதே வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கண்முன் நிற்பது அடுப்பு மட்டும்தானா? வீட்டில் பிள்ளைகள் அவனோடு இருக்கிறார்கள். வெளியே வராந்தாவில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் மரண வாக்குமூலத்துக்குக் கொடுத்த மதிப்பு, சாகிறவர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுந்தது. சாகிற தாய் பொய் சொல்வாள் என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. 1983இலும் 1986இலும் பெண்கள் இயக்கங்கள் போராடிக் கொண்டுவந்த திருத்தங்கள், திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் நிகழும் சாவைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லின. பெரிய வெற்றிதான். எட்டாம் வருஷம் எரிந்தவள்? 2024 ஜூலையில் சட்டங்களுக்குப் பெயர் மாறியது, ஏழு மாறவில்லை.

இங்கே இன்னொரு தீயையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1964இல் கீழப்பழுவூர் சின்னச்சாமி, 1965இல் கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன், 2009இல் முத்துக்குமார். அரங்கநாதன் பெயரில் சுரங்கப்பாதை இருக்கிறது. ஆணின் தீ பொதுவெளியில் எரிந்து கோரிக்கையாக வாசிக்கப்படுகிறது. பெண்ணின் தீ கதவுக்குப் பின்னால் எரிந்து கேஸ் கட்டாகிறது. அந்த உயிர்களை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஒரே எண்ணெய், ஒரே தோல், வாசிப்பு மட்டும் வேறு என்கிறேன்.

தொழிற்பேட்டைக்கும் ஒரு விழுக்காட்டுக் கணக்கு உண்டு. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, மிகக் கடுமையான முகச் சிதைவை நூறு விழுக்காடு சம்பாத்திய இழப்பாகக் கருதியது. ஃபவுண்டரியில் முகம் வெந்தவருக்கு அது பொருந்தும். அவருக்கு மதியச் சோறு கட்டிக்கொடுக்கும்போது வெந்த முகத்துக்கு அட்டவணை இல்லை. அடுப்படி பணியிடம் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சுக்கு ஆளானவர்களைத் தனியே சேர்த்துக்கொண்டது. மண்ணெண்ணெயில் எரிந்தவள் தன் சுருங்கிய கையைக் காட்டி இயக்கக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ்தான் போய் நிற்க வேண்டும்.

தமிழில் மனிதனுக்கும் மாட்டுக்கும் ‘தோல்’ ஒன்றுதான். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாட்டுப் புரதத்திலிருந்து கொலாஜன் படலம் உருவாக்கியது. தீப்புண்ணின் மேல் போர்த்த அது பயன்படுகிறது. எந்தத் தோலைத் தொட்டதற்காக ஒரு சாதியை ஊருக்கு வெளியே வைத்தார்களோ, அதிலிருந்து பிரித்த படலம் எல்லாச் சாதி உடம்பின் மேலும் ஒட்டுகிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பிழைத்தவர்களுக்கு வருகிறேன். எங்கள் தெருவிலிருந்து நானறிய மூன்று பெண்கள் கீழ்ப்பாக்கம் போனார்கள், திரும்பியவர் ஒருவர். அவருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. தாடை கழுத்தோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. பஸ் நம்பரை அண்ணாந்து பார்க்க முடியாது, யாரையாவது கேட்டுத்தான் ஏறுவார். கேட்கப்பட்டவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு பதில் சொல்வார். சென்னையில் 2001இல் தொடங்கிய பி.சி.வி.சி. அமைப்பு கீழ்ப்பாக்கம் வார்டிலிருந்தே இவர்களோடு கூட நடக்கிறது. 2018இல் ராயப்பேட்டையில் மீண்ட பெண்களை வேலைக்கு வைத்து ஒரு காபிக்கடையும் வந்தது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஓர் ஊர் செய்ததை இங்கே ஒரு கடை செய்யப் பார்த்தது.

போ கூட்டியது தீக்கு முந்தைய வயதை. தீக்குப் பிந்தைய வயதை அவர் கூட்டவில்லை. பெரிய தீக்காயத்துக்குப் பிறகு உடலின் எரிமானம் ஓரிரு ஆண்டுகள் தணிவதில்லை, தசையும் எலும்பும் கரைகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1980 முதலான மருத்துவமனைப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்தபோது, சிறு தீக்காயம் பட்டவர்கள்கூடப் பல ஆண்டுகள் கழித்து இதய நோய்க்காக மற்றவர்களைவிட அதிகமாக ஆஸ்பத்திரி போனது தெரிந்தது. புண் ஆறிய பிறகும் உடல் வேகமாக மூப்படைகிறது. அங்கே ஒரு மனிதரைப் பதிவேட்டில் முப்பது வருஷம் பின்தொடர முடிகிறது. இங்கே கேஸ் ஷீட் ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லோடு முடிகிறது. எங்கள் தெரு அக்காவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் இருக்கிறது. டாக்டர் சீட்டில் பழைய தீக்காயம் பற்றி ஒரு வரியும் இல்லை.

2006இல் அமைந்த திமுக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது, கிருஷ்ணாயில் கேன் மெல்ல மறைந்தது. ரேஷன் கடையில் இப்போது கைரேகை மெஷின். அவர் விரல் நுனிகள் வழவழவென்று இருக்கின்றன, ரேகை விழுவதில்லை. “கைய நல்லா தொடச்சிட்டு வைம்மா” என்கிறார் கடைக்காரர். அவர் முந்தானையில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைக்கிறார்.