பேஸ் மாடல் மின்சாரக் காரின் கதை

ஷோரூமுக்குப் போய் ஒரு காரின் விலையைக் கேட்டால் முதலில் சொல்லப்படுவது பேஸ் மாடலின் விலைதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதும் அதுவே. ஆனால் விற்பனையாளர் கை காட்டுவதோ அதற்கு மேலே உள்ள மாடலை! பெட்ரோல் காரில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சீட் உறை, மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் என்ற அளவில் முடிந்துவிடும். மின்சாரக் காரில் அப்படி இல்லை. அங்கே விலை ஏற ஏற பேட்டரி பெரிதாகிறது, ஒரே சார்ஜில் போகும் தூரமும் கூடுகிறது. அதனால் பேஸ் மாடலை வாங்கலாமா என்ற கேள்வி, "நமக்கு உண்மையில் எவ்வளவு தூரம் வேண்டும்?" என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

இந்தக் கேள்வி நேற்று வந்ததல்ல. இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

எடிசன் காலத்துக் கணக்கு

1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான கார்கள் மொத்தம் 4,192. அவற்றில் 1,575 மின்சாரக் கார்கள். பெட்ரோலில் ஓடியவை வெறும் 936! மீதி நீராவிக் கார்கள். சத்தம் இல்லை, புகை இல்லை, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை உசுப்ப வேண்டிய வேலை இல்லை. நகரத்துப் பணக்காரர்களுக்கு மின்சாரக் கார் மிகவும் பிடித்திருந்தது.

அந்தக் காலத்தில் புகழ்பெற்ற டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரில் சாதாரணமாக ஈய அமில பேட்டரி இருக்கும். கூடுதலாக 600 டாலர் கொடுத்தால் தாமஸ் எடிசன் உருவாக்கிய நிக்கல் இரும்பு பேட்டரியைப் பொருத்திக்கொள்ளலாம். அதாவது பேஸ் பேட்டரியா, பெரிய பேட்டரியா என்ற தேர்வு அப்போதே வந்துவிட்டது.

ஆனால் அதே காலத்தில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் விலை குறைந்துகொண்டே வந்தது. 1908-இல் 850 டாலராக இருந்த அந்தக் கார் 1916-இல் 360 டாலருக்கு வந்துவிட்டது. எடிசன் பேட்டரிக்குக் கேட்ட கூடுதல் தொகையை விட முழு பெட்ரோல் காரின் விலை குறைவு! 1912-இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் கைப்பிடியைச் சுழற்றும் தொல்லையும் பெட்ரோல் கார்களிலிருந்து விலகத் தொடங்கியது. பேட்டரியின் விலை இறங்காதவரை மலிவான மின்சாரக் காருக்கு இடமில்லை என்ற பாடம் அன்று எழுதப்பட்டது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் 1939 வரை தாக்குப்பிடித்து, பிறகு மறைந்தது.

பின் சக்கரம் ஏன்?

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. நம் ஊர் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பின் சக்கரத்தால் உந்தப்பட்ட கார்கள். 1983-இல் வந்த மாருதி 800 முன் சக்கரத்தால் ஓடியது. எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் முன்னாலேயே அடக்கிவிட்டால் பின்னால் நீண்டு போகும் தண்டு தேவையில்லை, இடமும் செலவும் மிச்சம். அதனால்தான் பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்கள் முன் சக்கர இயக்கத்துக்கு மாறின.

மின்சாரக் காரில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. மோட்டார் சிறியது. அதை நேராகப் பின் அச்சிலேயே வைத்துவிடலாம், நீண்ட தண்டு வேண்டாம். வண்டி வேகமெடுக்கும்போது எடை பின்பக்கம் சாய்வதால் பின் சக்கரங்களுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். முன் சக்கரங்கள் திரும்பும் வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளும். முன்னால் இன்னொரு மோட்டார் சேர்த்தால் அது நான்கு சக்கர இயக்கம், விலையும் கூடும். ஆகவே டெஸ்லா போன்ற நிறுவனங்களில் பேஸ் மாடல் என்றால் ஒற்றை மோட்டார், பின் சக்கர இயக்கம் என்று ஆகிவிட்டது.

நான்கு சதவீதம் பேர் கேட்ட கார்

டெஸ்லாவின் மாடல் எஸ் 2012-இல் விற்பனைக்கு வந்தது. அப்போது மூன்று பேட்டரி அளவுகள் அறிவிக்கப்பட்டிருந்தன: 40, 60, 85 கிலோவாட் மணி. மூன்றுமே பின் சக்கர இயக்கம்தான். விலை குறைந்த 40-தான் பேஸ் மாடல்.

2013 ஏப்ரலில் அந்த 40 தயாரிக்கப்படாது என்று நிறுவனம் அறிவித்தது. முன்பதிவு செய்தவர்களில் 4 சதவீதம் பேர் மட்டுமே அதைக் கேட்டிருந்தார்களாம். அப்படியானால் அந்த 4 சதவீதம் பேரின் கதி? அவர்களுக்கு 60 கிலோவாட் மணி பேட்டரி வைத்த காரையே கொடுத்து, மென்பொருள் மூலம் 40 அளவுக்குப் பூட்டிவிட்டார்கள். பிறகு பணம் கட்டினால் பூட்டு திறக்கப்படும்!

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதில் ஒரு தொழிற்சாலைக் கணக்கு இருக்கிறது. சிலர் மட்டும் கேட்கும் ஒரு சின்ன பேட்டரிக்காகத் தனியாக ஒரு தயாரிப்பு வரிசை நடத்துவதை விட, பெரியதையே வைத்துப் பூட்டிக் கொடுப்பது நிறுவனத்துக்கு லாபம். 2015-இல் 60-உம் நிறுத்தப்பட்டது. அந்த இடத்துக்கு வந்த 70டி நான்கு சக்கர இயக்கம் கொண்டது, விலையும் அதிகம்.

மூன்று வருடக் காத்திருப்பு

2016 மார்ச் 31 அன்று மாடல் 3 அறிமுகமானது. விலை 35,000 டாலர் என்று சொல்லப்பட்டது. முன்பதிவுக்கு 1,000 டாலர். ஒரே வாரத்தில் சுமார் 3,25,000 பேர் பதிவு செய்தார்கள்! அப்போது அமெரிக்க அரசு மின்சாரக் கார் வாங்குபவர்களுக்கு வருமான வரியில் 7,500 டாலர் வரை சலுகை கொடுத்துவந்தது. எனவே பலர் மனதில் ஓடிய கணக்கு இதுதான்: 35,000 கழித்தல் 7,500, ஆக 27,500 டாலர். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய தொகை.

2017 ஜூலையில் முதல் கார்கள் கொடுக்கப்பட்டன. ஆனால் அவை பேஸ் மாடல் அல்ல. 310 மைல் ஓடும் பெரிய பேட்டரிக் கார், 44,000 டாலர். அதோடு 5,000 டாலருக்கான உயர்தர உள் அலங்காரத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. ஆக 49,000. தயாரிப்பில் தடுமாறிக்கொண்டிருந்த நிறுவனம், 35,000 டாலர் காரை உடனே விற்றால் நஷ்டத்தில் மூழ்கிவிடுவோம் என்ற நிலையில் இருந்தது. இதை 2018 மே மாதத்தில் எலான் மஸ்கே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிறுவனம் அமெரிக்காவில் 2,00,000 மின்சாரக் கார்களை விற்றுவிட்டால் வரிச்சலுகை படிப்படியாகக் குறையும் என்பது சட்டம். டெஸ்லா 2018 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தொட்டது. 2019 ஜனவரி 1 முதல் சலுகை 3,750 டாலர், ஜூலை முதல் 1,875, 2020 பிறந்ததும் பூஜ்யம்.

35,000 டாலர் கார் எப்போது வந்தது தெரியுமா? 2019 பிப்ரவரி 28. சலுகை பாதியாகி இரண்டு மாதம் கழித்து!

ஆறே வாரத்தில், ஏப்ரல் நடுவில், அந்தக் கார் இணைய விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தொலைபேசியிலோ கடைக்கு நேரில் போயோ கேட்டால்தான் கிடைக்கும். கிடைத்ததும் சற்றுப் பெரிய பேட்டரிக் காரை மென்பொருளால் பூட்டிய வடிவம்தான். 2013-இல் நடந்தது திரும்பவும் நடந்தது.

காத்திருந்தவர்கள் ஏமாந்தார்களா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2018-இல் பெரிய பேட்டரிக் காரை 49,000-க்கு வாங்கி முழுச் சலுகை பெற்றவருக்கு 41,500 டாலர் ஆனது. 2019 மார்ச்சில் பேஸ் மாடல் வாங்கியவருக்கு 31,250. எதிர்பார்த்ததை விட 3,750 கூடுதல்தான். ஆனாலும் 10,250 டாலர் மிச்சம். அதற்காக அவர் விட்டுக்கொடுத்தது 90 மைல் தூரமும் மூன்று வருடமும்.

இரும்பு செய்த உதவி

பேஸ் மாடலுக்கு மறுவாழ்வு கொடுத்தது ஒரு ரசாயனம்: லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் விலை உயர்ந்த கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1990-களில் இதைக் கண்டறிந்தது. அதற்கு முன்பே, 1980-களின் பின்பகுதியில், இதே வகைச் சேர்மங்களில் குட்இனஃப்போடு சேர்ந்து அடித்தளம் போட்டவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து மதுரையில் படித்தவர்! 2019-இல் குட்இனஃப் நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் இவரே.

2020-இல் சீனாவில் தயாரான மாடல் 3 பேஸ் காரில் இந்த பேட்டரி வந்தது. 2021-இல் அமெரிக்காவுக்கும் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் அந்த மாடலின் பெயரே "ரியர் வீல் டிரைவ்" என்று சுருங்கியது. நிக்கல் பேட்டரிகளைத் தினமும் முழுதாக நிரப்புவது நல்லதல்ல. இதையோ 100 சதவீதம் வரை நிரப்பலாம், வாரம் ஒரு முறையாவது அப்படி நிரப்பச் சொல்லி நிறுவனமே பரிந்துரைத்தது. ஆக, காகிதத்தில் குறைவாகத் தெரிந்த தூரத்தை முழுதாகப் பயன்படுத்த முடிந்தது. குறை என்றால், கடுங்குளிரில் சார்ஜ் ஏற நேரமாகும். ஒரே எடைக்குக் கிடைக்கும் ஆற்றலும் குறைவு.

ஆனால் இதுவும் நிலைக்கவில்லை. சீன பேட்டரிகள் மீது வரி கூடி, அவை உள்ள கார்களுக்குச் சலுகையும் இல்லாமல் போன சூழலில், 2024 அக்டோபரில் அமெரிக்காவில் இந்தப் பேஸ் மாடல் நிறுத்தப்பட்டது.

மறுபடியும் அதே கதை

2022-இல் வந்த புதிய சட்டத்தால் திரும்பியிருந்த 7,500 டாலர் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. ஒரே வாரம் கழித்து, அக்டோபர் 7 அன்று, மாடல் 3 ஸ்டாண்டர்ட் 36,990 டாலருக்கும் மாடல் ஒய் ஸ்டாண்டர்ட் 39,990 டாலருக்கும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் பின் சக்கர இயக்கம். எஃப்.எம். ரேடியோகூட எடுக்கப்பட்டிருந்தது! 2019-ஐப் போலவே, சலுகை போன பிறகு பேஸ் மாடல் வந்தது.

இந்தியாவில் 2025 ஜூலையில் டெஸ்லா மும்பையில் கடை திறந்தபோது விற்பனைக்கு வைத்ததும் பின் சக்கர மாடல் ஒய்தான். பேஸ் மாடல் 59.89 லட்சம், அதிக தூரம் ஓடுவது 67.89 லட்சம். இறக்குமதி வரி சேர்ந்ததும் பேஸ் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது!

அப்படியானால் வாங்கலாமா?

இந்த வரலாறு சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது.

முதலாவது, மேடையில் அறிவித்த விலையை நம்பிப் பட்ஜெட் போடக்கூடாது. இன்று கையில் கிடைக்கும் கார், இன்றைய விலை, இன்றைய வரி, இவை மூன்றுமே கணக்கில் வரவேண்டும்.

இரண்டாவது, தூரத்தைப் பயத்தால் அளக்கக்கூடாது. அமெரிக்கர் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக ஓட்டுவது சுமார் 13,500 மைல், அதாவது நாளைக்கு 37 மைல். 220 மைல் ஓடும் கார் அதற்கு ஐந்து நாளைக்குப் போதும். வீட்டிலேயே இரவில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்குப் பேஸ் மாடல் தாராளம். அந்த வசதி இல்லாதவர், அடிக்கடி நெடும்பயணம் போகிறவர், கடுங்குளிர் ஊரில் இருப்பவர் ஆகியோருக்கு அந்தக் கூடுதல் பேட்டரி ஆடம்பரம் அல்ல, தேவை.

மூன்றாவது, பனி விழும் ஊரில் பின் சக்கர இயக்கம் என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல குளிர்கால டயர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

பேஸ் மாடல்கள் சீக்கிரம் மறைந்தது அவை மோசமான கார்கள் என்பதால் அல்ல. விற்பவருக்கு அதில் லாபம் குறைவு, வாங்குபவருக்கோ பயம் அதிகம். விற்பவரின் லாபத்தை யாராலும் மாற்ற முடியாது. தன் பயத்தை மட்டும், தினமும் ஓட்டும் தூரத்தை ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்த்தால், வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த 2013-இன் 4 சதவீதம் பேர் ஒருவேளை அதைத்தான் செய்திருப்பார்களோ!