கொட்லீப்: ஒரு செருமானியப் பெயரும் அதன் மொழிபெயர்ப்புகளும்

1. முன்னுரை

பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில் கன்னட அகராதியாளர் கிட்டலின் சிலை உள்ளது. லால்பாக் பூங்காவை வளர்த்த கிரும்பிகலின் பெயரை அதன் அருகிலுள்ள சாலை தாங்கி நிற்கிறது. இருவரும் செருமானியர். எனினும் முன்னவரின் பெர்டினாந்து என்னும் பெயரையோ, பின்னவரின் குஸ்தாவ் ஹெர்மன் என்னும் பெயர்களையோ அறிந்தோர் சிலரே. நம்மிடையே நிலைபெற்றவை அவர்களுடைய குடும்பப் பெயர்களே. பெற்றோர் இட்ட முதற்பெயர்கள் மறைந்துவிட்டன. சில முதற்பெயர்களோ மறையவில்லை. மொழிபெயர்ப்பில் வேற்றுருக் கொண்டன. அவ்வாறு உருமாறிய கொட்லீப் என்னும் பெயரை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பொருளும் தோற்றமும்

'கொட்' என்பது கடவுள். 'லீப்' என்பது இனிய, அன்பிற்குரிய என்னும் பொருளது. எனவே கொட்லீப் என்பது 'கடவுளுக்கு இனியவன்' எனப் பொருள்படும். பழைய உயர் செருமானியத்தில் இதனையொத்த கொட்டலைப் என்னும் பெயர் வழங்கியது. அதன் பின்னுறுப்பு வழித்தோன்றலைக் குறிப்பது, அன்பைக் குறிப்பதன்று. பழஞ்சொல்லின் பொருள் மறைந்தபின் ஒலியொப்புமையால் 'லீப்' அவ்விடத்தைப் பெற்றது. தெயோபிலோஸ் என்னும் கிரேக்கப் பெயரின் மொழிபெயர்ப்பாகவும் இதனைக் கொண்டனர்.

3. பரவல்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பேனர், பிராங்கே முதலியோர் வளர்த்த பக்தி இயக்கம் இத்தகைய பெயர்களைப் பெருக்கியது. 'கடவுளை நம்பு' எனப் பொருள்படும் திரௌகொட், 'கடவுளுக்கு அஞ்சு' எனப் பொருள்படும் பியூர்ஹ்டெகொட் ஆகியன ஏவல் வினையால் அமைந்த பெயர்கள். கவிஞர் கிளாப்ஸ்டாக் (1724-1803), மெய்யியலாளர் ஃபிஹ்டே (1762-1814), பொறியாளர் டைம்லர் (1834-1900) ஆகிய மூவரும் கொட்லீப் என்னும் பெயருடையோர். 20ஆம் நூற்றாண்டில் இப்பெயர் அருகியது. இன்று குழந்தைகளுக்கு இடுவது அரிது.

இசைமேதை மோட்சார்ட் 1756இல் திருமுழுக்குப் பெற்றபோது இலத்தீன் வடிவில் தியோபிலஸ் எனப் பதிவு பெற்றார். தந்தையின் கடிதம் கொட்லீப் என்கிறது. அவர் தாமே பின்னர் அமதே என ஒப்பமிட்டார். உலகம் அறிந்த வடிவமோ அமதேயுஸ். ஒருவருக்கே பல வடிவங்கள். பொருள் ஒன்றெனக் கருதப்பட்டதே இதற்குக் காரணம்.

4. இரேனியஸ்

தமிழகத்தில் இதற்குத் தக்க சான்று, 1814இல் சென்னைக்கு வந்து, 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றி, 1838இல் அங்கேயே மறைந்த இரேனியஸ் ஆவார். செருமானிய நூல்கள் அவரைக் கார்ல் கொட்லீப் ஏவால்ட் இரேனியஸ் என்கின்றன. ஆங்கில நூல்கள் சார்லஸ் தியோபிலஸ் ஏவால்ட் இரேனியஸ் என்கின்றன. கார்ல் சார்லஸ் ஆனது ஒரே பெயரின் வடிவ மாற்றம். கொட்லீப் தியோபிலஸ் ஆனது மொழிபெயர்ப்பு. ஏவால்ட் மாறவில்லை. ஒரே பெயர்த்தொடரில் மூன்று நெறிகள் செயற்பட்டுள்ளன.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிடப் பொருள் விளங்கத் தமிழ் மரபில் பெயர்ப்பதே தக்கது என விவிலிய மொழிபெயர்ப்பில் வாதிட்டவர் அவர். அவர் பெயரே அவ்வாறு பொருள்வழிப் பெயர்க்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது. ஆயினும் நெல்லைக் கிறித்தவர்களிடையே பிள்ளைகளுக்கு இடும் பெயராக வழங்குவது மொழிபெயர்க்க இடந்தராத 'இரேனியஸ்' என்னும் குடும்பப் பெயரேயாகும்.

5. தமிழ் வழக்கு

பெயரைப் பொருள்வழிப் பெயர்த்தல் தமிழுக்குப் புதிதன்று. 'கடவுள் உதவினார்' எனப் பொருள்படும் லாசரு என்னும் பெயர், 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்குத் 'தேவசகாயம்' எனத் தமிழ் வழக்கில் அமைந்தது. ஆனால் லூக்கா நற்செய்தியின் முகப்பில் விளிக்கப்படுபவரின் பெயர் பழைய தமிழ் விவிலியத்தில் 'தெயோப்பிலு' என ஒலிவழியே பெயர்க்கப்பட்டுள்ளது. வாழ்வோருக்குப் பெயரிடுகையில் பொருளும், நூலில் வரும் மாந்தரைச் சுட்டுகையில் ஒலியும் முதன்மை பெற்றன எனலாம்.

தெயோபிலோஸ் என்பதற்கு நேரான தமிழ்ப்பெயர் தேவநேசன். இது 'தேவனுக்கு நேசன்' என விரியின் நான்காம் வேற்றுமைத்தொகை. 'தேவனை நேசிப்பவன்' என விரியின் இரண்டாம் வேற்றுமைத்தொகை. கிரேக்கப் பெயரையும் இவ்வாறு இருவகையாகவும் கொள்வர். செருமானியம் இதனை 'கடவுளுக்கு இனியவன்' எனச் சுருக்கியது. அமதேயுஸ் என்னும் இலத்தீனோ 'கடவுளை நேசிப்பவன்' என எதிர்ப்புறம் திருப்பியது. நேர்ப்பெயர்கள் எனப்படும் இவற்றுள் அன்பு செல்லும் திசை மாறிவிடுகிறது. தமிழ்த் தொகையே இரு திசைக்கும் இடந்தருகிறது.

6. முடிவுரை

வழக்கில் பெயர் ஆளைச் சுட்டும் குறியாகவே நிற்கிறது. அதனை மொழிபெயர்க்கையில் மறைந்திருந்த காரணம் வெளிப்படுகிறது. ஆயின் ஆளைச் சுட்டும் ஆற்றல் குறைகிறது. கார்ல் கொட்லீப்பும் சார்லஸ் தியோபிலசும் ஒருவரே என அறியாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இருவராக்கிவிடக்கூடும். எனவே ஆட்பெயரை ஒலிவழித் தருதலும், பொருள் கருத்துக்கு இன்றியமையாதவிடத்து அதனை விளக்கமாகச் சேர்த்தலும், ஒருவருக்குரிய எல்லா வடிவங்களையும் பெயரடைவில் இணைத்துக் காட்டலும் தக்க நெறிகளாகும்.