சென்னை – ஜித்தா விமானப் பயணம்: தூரம், நேரம், மீகாத் கவனம்

உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "ஜித்தா போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதுதான். இதற்கான பதிலை அறிந்துகொள்வது இஹ்ராம், தொழுகை, நோன்பு ஆகியவற்றைத் திட்டமிடவும் உதவும்.

தூரம்: சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் பன்னாட்டு விமான நிலையத்திற்கு நேர்கோட்டு வான்வழித் தூரம் சுமார் 4,445 கி.மீ. மதீனாவுக்கும் ஏறத்தாழ இதே தூரம்தான். சுமார் 4,430 கி.மீ.

பயண நேரம்: நேரடி விமானம் சுமார் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பொதுவாகச் சற்று முன்னதாகவே வந்து சேரலாம். வளைகுடா நகரங்களில் விமானம் மாறிச் செல்வோருக்குக் காத்திருப்பு நேரத்தைப் பொறுத்து இது இரு மடங்கு கூட ஆகலாம்.

நேர வித்தியாசம்: சவூதி நேரம் இந்திய நேரத்தை விட 2 மணி 30 நிமிடம் பின்தங்கியது. காலை 10 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு 5 மணி 45 நிமிடம் பறந்தால், ஜித்தாவில் இறங்கும்போது அங்கே பகல் 1.15 மணி. டிக்கெட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் அப்படியே கழித்துப் பார்த்து, மூன்றேகால் மணி நேரப் பயணம் என்று எண்ணிவிட வேண்டாம்.

மீகாத்: கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் பொதுவாகத் தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் எல்லையைக் கடந்தே ஜித்தாவை அடைகின்றன. நிமிடத்திற்கு 14 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தில் அந்த எல்லை நொடிகளில் கடந்துவிடும். தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்திற்கு முன்பே இது நிகழ்ந்துவிடும். எனவே ஜித்தாவில் இறங்கி உடை மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இஹ்ராம் இல்லாமல் மீகாத்தைக் கடந்தவர் அங்கே திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையெனில் தம் (பலி) கொடுக்க வேண்டும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு.

இஹ்ராம் துணியைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் நடுவானில் எடுக்க முடியாது, கைப்பையில் வையுங்கள். வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொண்டு, மீகாத் அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்து தல்பியா சொல்லலாம். தூங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர்கள் சற்று முன்னதாகவே நிய்யத் செய்துகொள்வது பாதுகாப்பானது. முதலில் மதீனா செல்பவர்கள் அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டினால் போதும்.

நோன்பாளிகளுக்கு: மேற்கு நோக்கிப் பறக்கும்போது பகல் நீளும். சென்னையில் மஃரிப் நேரம் ஆகிவிட்டது என்பதற்காக நோன்பு திறக்கக் கூடாது. விமானம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும். ஜன்னல் வழியே சூரியன் தெரிகிறதென்றால் இஃப்தார் நேரம் வரவில்லை. இது சிரமமாகத் தோன்றினால், பயணிகளுக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது.

அல்லாஹ் அனைவரின் பயணத்தையும் எளிதாக்குவானாக!